பொருள் கூறும் உரிமை: எர்ஸ்கின் வழக்குரைகள் பற்றிய ஓர் ஆய்வு

முதுகலை வகுப்பிற்குச் சிலப்பதிகார வழக்குரை காதையைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த ஒருநாள், மாணவர் ஒருவர் எழுந்து, கண்ணகிக்காக வாதாட ஒரு வழக்கறிஞர் இருந்திருப்பின் அவர் என்ன கூறியிருப்பார் என வினவினார். வகுப்பு நகைத்தது. எனினும் நகைத்து ஒதுக்கத்தக்க வினா அன்று அது. தனக்கு நேர்ந்ததைத் தானே உரைப்பது வேறு. பிறர்க்கு நேர்ந்ததை அவர்தம் நாவாக நின்று உரைப்பது வேறு. பின்னதைத் தனிக் கலையாக வளர்த்த நாடுகளுள் இங்கிலாந்து முன்னிற்பது. அந்நாட்டு வழக்கறிஞருள் தலைசிறந்தவராகப் பலரும் கொள்ளும் தாமஸ் எர்ஸ்கின் (1750–1823) உரைகளை, அம்மாணவர்க்கு விடை கூறும் பொருட்டே யான் படிக்கத் தொடங்கினேன். படித்த பின்னர், உரைநெறி பயிலும் தமிழ் மாணாக்கர்க்கு அவை நேரிய பயன் தருவன எனத் தோன்றியது. இக்கட்டுரை அதன் விளைவு.

தமிழில் 'வழக்கு' என்னும் ஒரு சொல் மக்களின் சொல்லாட்சியையும் குறிக்கும்; மன்றத்து முறையீட்டையும் குறிக்கும். எர்ஸ்கினின் வாழ்வில் இவ்விரு பொருளும் ஒன்றாகவே நின்றன. அவர் எடுத்தாடிய வழக்குகள் பலவகைப்பட்டன. அரசைப் பழித்து எழுதியோர், அரசனைச் சுட்டவன், பிறன் மனைவியைக் கவர்ந்தோர், அவ்வாறு மனைவியை இழந்தோர் ஆகிய அனைவர்க்கும் அவர் ஒருவரே நாவாக நின்றார். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது கொள்கையற்ற கூலிப்பேச்சாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின், இவ்வழக்குகள் அனைத்தும் ஒரே வினாவைச் சுற்றி நிகழ்ந்தன என்பது புலனாகும். ஒரு சொல்லுக்கோ செயலுக்கோ பொருள் கூறும் உரிமை யாருக்கு உண்டு? எவ்வளவு பரப்பை நோக்கி அப்பொருளைக் கூறவேண்டும்? உரையாசிரியர்தம் வினாவும் இதுவே அன்றோ?

எர்ஸ்கின் பக்கன் பிரபுவின் இளைய மகன். குடி பெரிது, செல்வம் சிறிது. பதினான்காம் அகவையில் கடற்படையில் சேர்ந்தார். பின்னர்த் தரைப்படையில் பணியாற்றினார். இருபதாம் அகவையில் மணந்தார். மனைவி மக்களைக் காக்க வழியின்றி 1775 இல் சட்டம் பயிலப் புகுந்து, 1778 சூலையில் வழக்கறிஞரானார். அவ்வாண்டு நவம்பரிலேயே முதல் வழக்கு வந்தது. முதிய கடற்படை வீரர்க்கென அமைந்த கிரீனிச் இல்லத்தின் துணை ஆளுநர் பெய்லி, கடலையே காணாதோர்க்கு அங்கே பதவி வழங்கப்பட்டதை வெளிப்படுத்தி எழுதினார். அவர்மேல் அவதூறு வழக்குத் தொடர முயன்றனர். பெய்லியின் சார்பில் ஐவர் நின்றனர். எர்ஸ்கின் ஐந்தாமவர், யாவரினும் இளையவர். மூத்தோருள் ஒருவர் உடற்கோளாற்றால் பலகாலும் எழுந்து செல்ல நேர்ந்தமையின் வழக்கு மறுநாளைக்கு நீண்டது. சோர்வு நீங்கிய அவையின்முன் எர்ஸ்கின் பேசினார். இவ்வழக்கின் பின்னே நிற்பவர் கடற்படை அமைச்சராகிய சாண்ட்விச் பிரபுவே எனப் பெயர் சுட்டிச் சாடினார். அப்பிரபு அவையின்முன் இல்லை எனத் தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு தடுத்தபோது, இல்லையாதலின் அவரை அவைமுன் கொண்டுவருவேன் என்றார். பெய்லி விடுபட்டார். அவையினின்று வெளியேறுமுன் முப்பது வழக்குகள் தம் கைக்கு வந்தன எனப் பின்னாளில் எர்ஸ்கின் கூறிக்கொண்டார். கூறுந்தோறும் அவ்வெண் வளர்ந்தது என்பர் அவர் வரலாறு எழுதினோர். தற்புகழ்ச்சியில் அவர் நிகரற்றவர்; பகைவர் அவர்க்கு 'நான் வழக்கறிஞர்' என்று பொருள்படும் பட்டப்பெயரே சூட்டினர்.

அவர் இயல்பில் விந்தைகளும் பல உண்டு. நாயொன்றை வழக்காராயும் அறைக்கு அழைத்து வருவார். நோயுற்றபோது தம் குருதியை உறிஞ்சி உயிர் காத்தன என்று நம்பி, இரண்டு அட்டைகளைக் கண்ணாடிக் கலத்தில் இட்டு வளர்த்தார். நாள்தோறும் தாமே புதுநீர் வார்த்தார். அக்காலத்து அறுவை மருத்துவர் இருவரின் பெயர்களாகிய ஹோம், கிளைன் என்பவற்றை அவற்றுக்கு இட்டு, அவை தம்மை அறியும் என்றும் நன்றி உடையன என்றும் விருந்தினரிடம் காட்டி மகிழ்ந்தார். இதனை நேரிற் கண்ட சட்ட அறிஞர் சாமுவேல் ரோமிலி எழுதி வைத்துள்ளார். இவ்வட்டைகளை நாம் மறவாதிருத்தல் நன்று. அவற்றுள் ஒன்றன் பெயர் பின்னர் ஒரு வழக்கில் மீண்டும் வரும்.

எழுத்துரிமை வழக்குகளுள் தமிழ்ப் புலவரின் கருத்தை முதலில் ஈர்ப்பது செயின்ட் ஏசாஃப் குருத்தலைவர் வழக்கு. வில்லியம் ஜோன்ஸ் என்பாரை நாம் அறிவோம். கல்கத்தாவில் 1784 இல் ஆசியக் கழகத்தை நிறுவியவர் அவர், 1786 இல் வடமொழிக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டியவர், சாகுந்தலத்தை ஆங்கிலப்படுத்தியவர். அவரே, இந்தியாவுக்கு வருமுன் 1782 இல், ஆட்சியின் அடிப்படை பற்றி அறிஞன் ஒருவனும் உழவன் ஒருவனும் உரையாடும் சிறு நூலொன்றை எழுதினார். அரசு என்பது மக்கள் கூடி அமைத்துக்கொண்ட சங்கம் போன்றதே என்பது அதன் சாரம். ஜோன்ஸின் மைத்துனராகிய குருத்தலைவர் வில்லியம் ஷிப்லி அதனை வேல்ஸில் மறுபதிப்பிட்டார். வழக்கு ஷிப்லியின்மேல் எழுந்தது. நூலை எழுதியவரோ கல்கத்தாவின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக வீற்றிருந்தார்! எழுதியவர் நீதி வழங்க, அச்சிட்டவர் கூண்டில் நின்ற இவ்விந்தையை எண்ணுந்தோறும் வியப்பே மிகும்.

இங்கு அக்காலச் சட்டநிலையைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஆங்கில நாட்டில் பன்னிரு பொதுமக்கள் ஜூரர் என அமர்ந்து குற்றத்தைத் தீர்மானிப்பர். நம் நாட்டுக் குற்றவியல் மன்றங்களிலும் இம்முறை ஒருகாலத்து இருந்தது. 1973 ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டம் அதனை முற்றும் நீக்கியது. அரசுப் பழிப்பு வழக்குகளில் மட்டும், அன்றைய நீதிபதியர் ஜூரரின் உரிமையை இரண்டு செய்திகளுக்குள் அடக்கினர். ஒன்று, குற்றம் சாட்டப்பட்டவர் நூலை வெளியிட்டாரா என்பது. மற்றொன்று, குற்றப்பத்திரிகையில் சொல்தோறும் இணைக்கப்பட்டுள்ள பொருள்விளக்கம் பொருந்துமா என்பது. இன்ன எழுத்து இன்னாரைக் குறிக்கும், இன்ன தொடர் இன்ன ஆட்சியைச் சுட்டும் என அதில் எழுதியிருப்பர். நூல் பழிப்பு நூலா, எழுதியோர் நோக்கம் தீயதா என்பதை நீதிபதியே உரைப்பார். நம் மரபில் வைத்துக் கூறின், பதவுரை பொதுமக்களுக்கு உரியது. கருத்துரை அரசனின் நீதிபதிக்கே உரியது. இவ்வாறு பகுப்பின் பொதுமக்கள் எதற்கு? அச்சிட்டதை மறுப்பார் எவருமிலர். இன்னாரைக் குறித்தது என்பதும் பெரும்பாலும் வெளிப்படை. ஆகவே, வழக்குத் தொடுத்த அளவிலேயே தண்டனையும் உறுதியாகிவிடும்.

இதனை எதிர்த்தே 1784 ஆகஸ்டில் ஷ்ரூஸ்பரி நகரில் எர்ஸ்கின் வாதாடினார். சொல்லின் பதப்பொருளையும் நூலின் கருத்தையும் பிரித்தல் இயலாது என்பது அவர் வாதம். நூலை வெளியிடுதல் தன்னளவில் குற்றமும் அன்று, குணமும் அன்று. எந்நோக்கில் வெளியிட்டான் என்பதே குற்றத்தின் உயிர். அவ்வுயிரை நீதிபதியிடம் ஒப்படைத்து உடலை மட்டும் ஜூரரிடம் விடுவது நீதியாகாது என்றார்.

ஜூரர் கூடி ஆராய்ந்து, வெளியிட்ட அளவில் மட்டும் குற்றவாளி எனத் தீர்ப்பு மொழிந்தனர். நீதிபதி புல்லர் திகைத்தார். அந்த 'மட்டும்' என்னும் சொல் நின்றால், பழிப்புக் குற்றம் இல்லை எனப் பொருள்படுமே! ஆதலின் அச்சொல்லை நீக்கிப் பதிவு செய்ய முனைந்தார். எர்ஸ்கின் இடைமறித்து, அச்சொல் தீர்ப்பின் பகுதியா என ஜூரரையே வினவினார், ஆம் என்றனர். அங்ஙனமாயின் அச்சொல்லைப் பதிவு செய்க என்றார். நீதிபதி சினந்து, அமருமாறும் கடமையை நினைக்குமாறும், இன்றேல் வேறு வகையில் நடவடிக்கை எடுக்க நேரும் என்றும் எச்சரித்தார். தாங்கள் விரும்பியவாறு நடவடிக்கை எடுக்கலாம், தங்கள் கடமையைத் தாங்கள் அறிந்தாங்கு என் கடமையை யானும் அறிவேன் என எர்ஸ்கின் விடை பகர்ந்தார். புல்லர் ஒருகால் எர்ஸ்கினுக்குத் தொழில் பயிற்றிய ஆசான் என்பதையும் நோக்குக.

ஏகாரத்தின் பொருள்களுள் பிரிநிலையைத் தேற்றத்தினின்று பிரித்துக் காட்ட இலக்கண ஆசிரியர் படும் பாட்டை நாம் அறிவோம். வெளியிட்டதே குற்றம் எனின் என்ன பொருள்? வெளியிட்டது குற்றமே எனின் என்ன பொருள்? இடம்பெயர்ந்த ஓர் ஏகாரத்தால் மனிதனொருவன் சிறை புகுதலும் புகாமையும் நிகழும் என்பதற்கு ஷ்ரூஸ்பரி மன்றமே சான்று. இடைச்சொல் பாடத்தை வறண்ட பாடம் எனக் கருதும் மாணாக்கர்க்கு இவ்வழக்கைக் கூறுதல் நலம்.

எர்ஸ்கின் மறுவிசாரணை வேண்டி மான்ஸ்பீல்டு முன் மீண்டும் வாதாடினார், வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. ஆயினும் குற்றப்பத்திரிகையே குறையுடையது எனக் கண்டு பின்னர் வழக்கை நிறுத்தினர். தோற்ற வாதம் தோற்றொழியவில்லை. எட்டாண்டு கழித்து, 1792 இல், ஃபாக்ஸ் கொணர்ந்த அவதூறுச் சட்டம் நூலின் முழுப்பொருளையும் நோக்கித் தீர்ப்புக் கூறும் உரிமையை ஜூரர்க்கே வழங்கியது.

இதனிடையே 1789 இல் ஸ்டாக்டேல் வழக்கு எழுந்தது. இதுவும் இந்தியாவோடு தொடர்புடையது. வங்காளத்தை ஆண்ட வாரன் ஹேஸ்டிங்ஸின்மேல் பாராளுமன்றம் குற்றம் சாட்டி விசாரித்த காலம் அது. ஜான் லோகன் என்னும் ஸ்காட்லாந்துக் குரு, ஹேஸ்டிங்ஸுக்கு ஆதரவாக ஒரு நூல் எழுதி இறந்தார். அதனை வெளியிட்ட புத்தக வணிகர் ஸ்டாக்டேல்மேல் பொதுமக்கள் அவை வழக்குத் தொடுத்தது. அதனைத் தூண்டியவர் எர்ஸ்கினின் நண்பராகிய ஃபாக்ஸே. ஆயினும் எர்ஸ்கின் வணிகர் பக்கம் நின்றார்.

இவ்வுரையே அவர் உரைகளுள் தலையாயது என்பது என் கருத்து. வழக்குத் தொடுத்தோர் நூலின் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வரிகளை எடுத்துத் தொடுத்திருந்தனர். எர்ஸ்கின் நூல் முழுவதையும் ஜூரர்முன் விரித்தார். ஒருவன் முழுநூலில் நன்னோக்குடன் ஒரு பொருளை ஆராய்ந்து செல்கையில், வெம்மையால் ஓரிரு சொல் எல்லை கடப்பினும், அச்சொற்களைப் பிரித்தெடுத்து அவன் நோக்கத்தை அளத்தல் முறையன்று என்றார். இக்கருத்து அவரே முதலில் கண்டதன்று. 1683 இல் அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பெற்ற ஆல்ஜெர்னன் சிட்னி, நூலைத் துண்டு துண்டாக்கின் மறைநூலும் கடவுள் இல்லை என்று கூறுவதாகக் காட்டிவிடலாம் எனத் தம் விசாரணையில் வாதிட்டிருந்தார். பத்துப்பாட்டில் நச்சினார்க்கினியர் சொற்களைத் தொலைவினின்று கொணர்ந்து மாட்டுறுத்துப் பொருள்கொள்வதைக் குறைகூறும் நாம், அதே செயலை அரசு வழக்கறிஞர் செய்யின் ஒருவன் உரிமையே போய்விடும் என்பதை எண்ணிப் பார்த்ததில்லை.

அவ்வுரையின் நடுவே எர்ஸ்கின் எதிர்பாரா ஒன்று செய்தார். ஹேஸ்டிங்ஸைக் காக்கும் நூலுக்காக வாதிடுபவர், இந்தியாவில் ஆங்கிலர் ஆட்சி வன்முறையால் நிறுவப்பெற்றது என வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிறர் நாட்டைக் கொள்ளையிட ஒருவனை அனுப்பிவிட்டு, கொள்ளையிட்டான் என அவனையே தண்டிப்பது எங்ஙனம் நேர்மையாகும் என்பது அவர் வாதத்தின் போக்கு. வட அமெரிக்கப் பழங்குடித் தலைவன் ஒருவன், தன் நிலத்தைக் கொள்ள வந்த வெள்ளையர்முன் நின்று, மலையினின்று ஆற்றை இறக்குபவன் எவனோ அவனே இந்நிலத்தை எமக்குத் தந்தான் என முழங்கியதாக ஒரு காட்சியையும் படைத்துக் காட்டினார். மன்றம் உறைந்தது என்பர். ஜூரர் குற்றமின்மை கூறினர். ஹேஸ்டிங்ஸ் நல்லவர் என்பதற்கு இவ்வுரை சான்றன்று. ஆனால் அடக்கப்பட்ட மக்களின் குரலை ஆங்கில மன்றத்தில் ஒலிப்பித்த உரை, அவர்களை ஆண்டவனைக் காக்கும் வழக்கிலே பிறந்தது. வாதக்கலையின் இம்முரணை என்னால் எளிதிற் செரித்துக்கொள்ள இயலவில்லை.

தாமஸ் பெயினின் 'மனித உரிமைகள்' நூலின் இரண்டாம் பகுதி பற்றிய வழக்கு 1792 டிசம்பரில் நிகழ்ந்தது. எர்ஸ்கின் அப்போது வேல்ஸ் இளவரசரின் தலைமை வழக்கறிஞர். இவ்வழக்கை ஏற்கவேண்டா எனப் பலரும் தடுத்தனர். ஏற்றார்; பதவியை இழந்தார். வழக்கறிஞன் இன்ன வழக்கை ஏற்பேன், இன்னதை ஏலேன் எனத் தேர்ந்தெடுக்கத் தொடங்கின், விசாரணைக்கு முன்பே அவன் நீதிபதியாகி விடுகிறான் என்பது இவ்வழக்கில் அவர் நிறுவிய கொள்கை. இன்றும் ஆங்கில வழக்கறிஞர் தம் தொழிலறத்தின் அடிப்படையாகப் போற்றுவது இது. ஆனால் விளைவு யாது? புதிய சட்டப்படி முழுப்பொருளையும் ஆராயும் உரிமை பெற்ற ஜூரர், அரசு வழக்கறிஞரின் மறுமொழியைக் கேட்கவும் பொறாது, குற்றவாளி என உடனே கூறிவிட்டனர். பொருள் கூறும் உரிமையை மக்களுக்குப் பெற்றுத் தரலாம். இன்ன பொருளே கூறுக என அவர்களைப் பணித்தல் இயலாது.

1794 ஆம் ஆண்டு அரசத் துரோக வழக்குகளை இங்கு விரிப்பிற் பெருகும். செருப்புத் தைக்கும் தொழிலினராகிய தாமஸ் ஹார்டி, ஹார்ன் டூக், ஜான் தெல்வால் ஆகியோர் எர்ஸ்கினின் வாதத்தால் உயிர் தப்பினர். ஹார்டிக்காக ஏழு மணி நேரம் பேசினார். தெல்வால், தானே வாதாடாவிடின் தன்னைத் தூக்கிலிடட்டும் எனச் சீட்டு எழுதி நீட்ட, வாதாடினால் தூக்கிலிடுவர் என எர்ஸ்கின் அதன்கீழ் எழுதிக் கொடுத்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. ஹார்ன் டூக் மொழிநூல் வரலாற்றில் இடம்பெற்றவர். அமெரிக்கக் குடியேற்றத்தார் பொருட்டு எழுதிய ஓர் அறிவிப்பிற்காக 1777 இல் தண்டனை பெற்ற அவர், சட்டத் தொடரொன்றில் இடைச்சொற்களுக்கு நீதிபதியர் பொருள்கொண்ட முறையை மறுத்து 1778 இல் ஒரு மடல் வெளியிட்டார். இடைச்சொற்கள் யாவும் பெயரினின்றும் வினையினின்றும் தேய்ந்து வந்தவை என்னும் அவர்தம் புகழ்பெற்ற கொள்கை அம்மடலிலிருந்தே வளர்ந்தது. சிறைவாயிலில் பிறந்த இலக்கணம் இது.

இனிக் கொலை முயற்சி வழக்கு. 1800 மே 15 ஆம் நாள் இரவு, இலண்டன் டுரூரி லேன் நாடக அரங்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர்மேல் ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டு என்னும் முன்னாள் போர்வீரன் சுட்டான். குண்டு தவறியது. அன்றைய ஆங்கிலச் சட்டத்தின் கொடிய முரணொன்று இங்கு வெளிப்படுகிறது. சாதாரணக் கொலை வழக்கில் குற்றவாளிக்காக ஜூரரிடம் உரையாற்ற வழக்கறிஞர்க்கு உரிமை இல்லை; சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், சட்ட நுணுக்கம் பேசலாம், அவ்வளவே. முழு உரிமை 1836 இல்தான் கிட்டியது. ஆனால் அரசத் துரோக வழக்கில் 1696 முதலே அவ்வுரிமை உண்டு. ஹாட்ஃபீல்டு ஏழையொருவனைச் சுட்டிருப்பின் அவனுக்காகப் பேச எர்ஸ்கினுக்கு வாயில்லை. மன்னனைச் சுட்டமையால் பேச முடிந்தது! இம்முரணையே தம் உரையின் முகப்பாகக் கொண்டார் எர்ஸ்கின். மன்னன் உயிரை நாடியவனுக்கே சட்டம் மிகுந்த காப்பளிக்கிறது, ஏனெனில் நாடு முழுவதும் அவன்மேல் சினந்திருக்கும் வேளையில் நீதி பிறழ்தல் எளிது என்று அம்முரணுக்கே ஓர் அறம் கற்பித்தார்.

பித்தன் தண்டனைக்கு உரியன் அல்லன் என்பதைச் சட்டம் முன்னரே ஏற்றிருந்தது. எனினும் யார் பித்தன்? 1724 இல் ஆர்னால்டு வழக்கில் நீதிபதி டிரேசி, குழந்தை போன்றோ காட்டுவிலங்கு போன்றோ அறிவு முற்றும் அற்றவனே பித்தன் என்றார். ஹாட்ஃபீல்டு அத்தகையன் அல்லன். துப்பாக்கி வாங்கினான், மருந்து வாங்கினான், அரங்கில் இடம் தேர்ந்து அமர்ந்தான், வினவியோர்க்குத் தெளிவாக விடை கூறினான். தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு செயலும் அறிவுடையோன் செயல்.

ஆனால் எர்ஸ்கின் தனித்தனியே நோக்க விடவில்லை. 1794 இல் பிரெஞ்சுப் போர்க்களத்தில் ஹாட்ஃபீல்டின் தலையில் வாள் பாய்ந்தது. மண்டையோடு பிளந்த இடத்தை நேரிற் காணுமாறு ஜூரரைப் பணித்தார். அறுவை மருத்துவர் ஹென்றி கிளைன் சாட்சியாக வந்து மூளை ஊறுபட்டதை உறுதி செய்தார். அட்டைக்குப் பெயர் தந்த கிளைன் இவரே. சுடுவதற்குச் சில நாள் முன்பு, தான் உயிரெனக் காத்த கைக்குழந்தையையே கொல்ல ஹாட்ஃபீல்டு பாய்ந்தான் என்பதும் வெளிப்பட்டது. உலகம் உய்யத் தன் உயிர் பலியாதல் வேண்டும் என்று அவன் நம்பினான். தற்கொலை பாவம் என்றும் நம்பினான். ஆதலின், பிறர் தன்னைக் கொல்லுமாறு செய்தற்கே மன்னரைச் சுட்டான். அறிவு முற்றும் அழிந்தவனல்லன். பொய்யான ஒரு காட்சியை மெய்யெனக் கொண்டு, அதன்மேல் முறையாகவே எண்ணிச் சென்றவன். அடித்தளம் பொய், அதன்மேல் எழுந்த தருக்கம் பிழையற்றது. பித்தின் இலக்கணத்தையே மாற்றி அமைத்த விளக்கம் இது.

தற்காப்புச் சாட்சிகள் முடியுமுன்னரே நீதிபதி கென்யன் விசாரணையை நிறுத்தினார். பித்தன் எனக் கண்டு ஜூரர் விடுவித்தனர். ஆனால் விடுதலை விடுதலையாகவில்லை. ஏறத்தாழ ஒரு திங்களுள் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, இத்தகையோரை மன்னர் விரும்புங்காறும் காவலில் வைக்க வழிசெய்தது. மற்றொன்று, மன்னர்மேல் நேரடியாகப் பாய்வோரின் விசாரணையைச் சாதாரணக் கொலை வழக்குப்போல் நடத்துமாறு விதித்து, எர்ஸ்கின் போற்றிய அந்தக் காப்பையே பறித்தது. ஹாட்ஃபீல்டு 1841 இல் பெத்லெம் பித்தர் விடுதியிலேயே இறந்தான்.

மணமுறிவு வழக்குகளில் எர்ஸ்கினின் இருநாவும் ஒருங்கே தெரியும். அக்கால இங்கிலாந்தில் முழு மணமுறிவு பெறத் தனிச் சட்டமே பாராளுமன்றம் இயற்றவேண்டும். அதன் முற்படியாகக் கணவன் தன் மனைவியைக் கவர்ந்தவன்மேல் இழப்பீட்டு வழக்குத் தொடுப்பது வழக்கம். அவ்வழக்கில் மனைவிக்குக் குரல் இல்லை. அவள் ஒரு தரப்பாகவே கருதப்பெறவில்லை.

1794 இல் ஹோவர்டு, பிங்கம் என்பார்மேல் தொடுத்த வழக்கில் எர்ஸ்கின் கவர்ந்தவன் பக்கம் நின்றார். கவர்ந்ததை மறுக்கவில்லை. அதற்கு முற்பட்ட கதையைச் சொன்னார். அப்பெண் மணத்திற்கு முன்னரே பிங்கத்தைக் காதலித்தாள். அவளைச் சார்ந்தோர் உயர்குடி நாடி ஹோவர்டுக்குக் கொடுத்தனர். ஆகவே இழந்தவன் ஹோவர்டு அல்லன், பிங்கமே என்றார். நம் அகத்திணை மாணாக்கர்க்கு நொதுமலர் வரைவு நினைவிற்கு வரும். அங்கு அறத்தொடு நிற்கத் தோழி உண்டு. இங்கு அத்தோழியின் பணியை, ஐந்தாண்டு காலந்தாழ்ந்து, காதலனிடம் கூலி பெற்ற வழக்கறிஞர் செய்தார். மணமுறிவுக்குப்பின் அப்பெண் பிங்கத்தையே மணந்தாள்.

1802 இல் மார்க்கம் என்னும் குருவின் மனைவியை அவர்தம் நண்பர் ஃபாசெட் கவர்ந்த வழக்கில் எர்ஸ்கின் கணவன் பக்கம் நின்றார். விருந்தினனாகப் புகுந்து இல்லத்தையே அழித்தவன் என ஃபாசெட்டைச் சாடி 7,000 பவுன் இழப்பீடு பெற்றுத் தந்தார். முன்னதில் காதல் பெரிது. பின்னதில் இல்லறம் பெரிது. பொய்யுரையா? எதிர்பாராத இடத்தில் ஒற்றுமை உளது. இரண்டிலும் அவர் கவர்ந்த நாளை மட்டும் நோக்க இசையவில்லை. அம்மணம் தோன்றி வளர்ந்த வரலாற்றை முழுதும் விரித்தார். வேறுபட்ட வரலாறு வேறுபட்ட பொருள் தந்தது. இவ்விளக்கம் என் மனத்தை ஓரளவே நிறைவு செய்கிறது. பெண் பேசாத வழக்கில் வரலாறு முழுதும் விரிந்தது எனக் கூறல் எங்ஙனம் பொருந்தும்?

அவர்தம் சொந்த வாழ்வோ இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்டது. முதல் மனைவி 1805 இல் இறந்தார். 1806 இல் எர்ஸ்கின் நாட்டின் தலைமை நீதித்துறைப் பதவியாகிய சான்சலர் பதவி ஏற்றார். அங்கு ஓராண்டே இருந்தார், ஒளிரவும் இல்லை. ஜூரி விசாரணை என்பதையே தம் குடிச் சின்னத்தில் பொறித்துக்கொண்டார். 1809 இல் விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டமொன்றைப் பிரபுக்கள் அவையில் கொணர்ந்தார்; அது மற்றோர் அவையில் வீழ்ந்தது. அட்டை வளர்த்தவரை நகைத்தோர் இதனையும் நகைத்தனர். அத்தகைய சட்டம் 1822 இல் நிறைவேறிற்று. 1818 இல், அறுபத்தெட்டாம் அகவையில், ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கிரெட்னா கிரீன் ஊருக்கு ஓடிச் சென்று இரண்டாம் மணம் புரிந்தார். பெண்ணுடை தரித்துச் சென்றார் என்றும் கூறுவர். பின் அம்மணத்தை முறிக்க ஸ்காட்லாந்து மன்றத்தை நாடித் தோற்றார். 1820 இல் நான்காம் ஜார்ஜ் தம் அரசியைத் தள்ளிவைக்கக் கொணர்ந்த சட்டத்தை எதிர்த்தோருள் அவரும் ஒருவர்.

இறுதியாக ஒரு வழக்கு. காலமுறையில் இதனை முன்னரே கூறியிருத்தல் வேண்டும், வேண்டுமென்றே பின்வைத்தேன். பெயினின் 'பகுத்தறிவின் காலம்' கிறித்தவ மறையை மறுக்கும் நூல். அதனை விற்ற ஏழைப் புத்தக வணிகர் தாமஸ் வில்லியம்ஸ்மேல், ஒழுக்கம் காக்கும் சங்கமொன்று 1797 இல் வழக்குத் தொடுத்தது. வழக்குத் தொடுத்தோர்க்காக வாதாடியவர் எர்ஸ்கின்! ஐந்தாண்டு முன்பு எவர் எழுத்திற்காகப் பதவியை இழந்தாரோ, அவர் எழுத்தை விற்றவனையே இப்போது கூண்டில் நிறுத்தினார். ஆட்சியை ஆராய்வது உரிமை, ஆணையிடுதற்கு அடிப்படையாகிய சமயத்தை இகழ்வது உரிமையன்று எனப் பிரித்தார். ஜூரர் உடனே இசைந்தனர். அவருடைய உரைகளுள் நயமிக்கவற்றுள் இதுவும் ஒன்று என்பதை மறைத்தல் ஆகாது.

தண்டனை கூறும் நாள் வருமுன், தெருவழியே சென்ற எர்ஸ்கினின் ஆடையைப் பெண்ணொருத்தி பற்றி இழுத்தாள். அழுதுகொண்டே அவரைத் தன் வீட்டிற்கு அழைத்துச் சென்றாள். அவள் வில்லியம்ஸின் மனைவி. சிற்றறையில் குழந்தைகள் அம்மையால் வாடிக் கிடந்தனர். வில்லியம்ஸ் சிறு நூல்களைத் தைத்துக்கொண்டிருந்தார்; அவை சமய நூல்கள். எர்ஸ்கின் சங்கத்தார்க்கு எழுதினார்: குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது, இனி இரக்கம் காட்டுக என வேண்டினார். சங்கத்தார் மறுத்தனர்; அவருள் சமயத் தலைவர் பலர் இருந்தனர். எர்ஸ்கின் வழக்கைத் திருப்பிக் கொடுத்து விலகினார். வில்லியம்ஸ் ஓராண்டுக் கடுங்காவல் பெற்றார்.

இந்நிகழ்ச்சியை எர்ஸ்கினே பிற்காலத்தில் ஒரு மடலில் விரித்துரைத்தார். அரச வழக்குகளின் பெருந்தொகுப்பில் அம்மடல் இடம்பெற்றுள்ளது. தம் வாதம் பிழை என அதில் அவர் கூறவில்லை. 1810 இல் வெளிவந்த அவர்தம் உரைத் தொகுப்பில், பெயினைக் காத்த உரையும் பெயினின் நூலை விற்றவனைத் தண்டிக்க வேண்டிய உரையும் ஒருங்கே உள்ளன. அவற்றை அடுத்தடுத்துப் படிக்குமாறு வினா எழுப்பிய அம்மாணவரிடம் கொடுத்தேன். ஒரு திங்கள் கழித்து நூலைத் திருப்பித் தந்தார். கண்ணகிக்கு வழக்கறிஞர் வேண்டாம் என்றார், காரணம் கூறவில்லை.